கணக்குப் போடப் பிடிக்கும் என்பதற்காகப் பேராசிரியர் ஆகலாமா?

கணினி வழி வினையூக்கவியலில் (வேதிவினைகளை வேகப்படுத்தும் வினையூக்கிகளைக் கணினிக் கணக்கால் ஆராயும் துறை) முனைவர் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஒருவரிடம் அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். இரண்டு மூன்று வருடம் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி, அப்புறம் எங்காவது உதவிப் பேராசிரியர் வேலை. ஏன் என்று கேட்டால், "எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்" என்பார். எந்த வேலை? பிளாட்டினப் பரப்பின் மேல் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை உட்கார வைத்து, ராத்திரி கிளஸ்டருக்கு (பல கணினிகளை இணைத்த தொகுப்பு) கணக்கை அனுப்பிவிட்டு, காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அது முடிந்ததா, பாதியில் நின்றதா என்று பார்க்கிற வேலை. சிக்கலே இங்கேதான் இருக்கிறது. பேராசிரியர் ஆனதும் முதலில் கையைவிட்டுப் போவது அந்த வேலைதான்.

முதல் ஓரிரு ஆண்டுகள் அவரே கணக்குப் போடுவார். ஆய்வு மாணவர்கள் நாலு பேர் சேர்ந்த பிறகு அவர் பார்ப்பது வரைபடங்களை. இன்னும் கொஞ்ச காலம் போனால் அந்த வரைபடங்கள் சேர்ந்த கட்டுரை வரைவுகளை. மூத்த பேராசிரியர் ஒருவரிடம் கடைசியாக எப்போது ஒரு உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும்.

அதனால் இந்தத் துறையில் இருப்பவருக்கு முன்னால் உள்ள நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது: பல்கலைக்கழகப் பேராசிரியர் பணி, ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானி, வேதித்தொழில் கம்பெனியின் கணினிப் பிரிவு, மென்பொருளும் மெஷின் லேர்னிங்கும் சார்ந்த வேலை. சம்பளத்தை வைத்து ஒப்பிடப் போவதில்லை, அது நாட்டுக்கு நாடு மாறும். "சுதந்திரம்" என்ற சொல்லையும் தள்ளி வைக்கிறேன். எல்லோரும் தங்கள் வேலையில் அது இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். நான் பார்க்க விரும்புவது வேறு: கேள்வியைத் தேர்ந்தெடுப்பது யார், கணக்கைப் போடுவது யார் கை, போட்ட கணக்கு தப்பு என்று தெரியவர எவ்வளவு நாள் ஆகிறது.

இதில் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற வேதியியல் துறைகளிலிருந்து இந்தத் துறை பிரிவது அந்த இடத்தில்தான்.

தப்பாக இருக்க அனுமதிக்கப்பட்ட எண்

இந்தத் துறையின் அன்றாட ஆயுதம் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு, சுருக்கமாக டி.எஃப்.டி.; எலக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் முறை. 1964-இல் ஹோஹென்பெர்க்கும் கோனும், 1965-இல் கோனும் ஷாமும் எழுதிய கட்டுரைகளில் பிறந்தது. வால்டர் கோன் இயற்பியலாளர்; 1998-இல் அவருக்குக் கிடைத்த நோபல் வேதியியலுக்கானது. ஜான் போப்பிளோடு பகிர்ந்துகொண்டார். கோட்பாடு அடிப்படையில் துல்லியமானது. நடைமுறையில் அதற்குள் ஒரு தோராயத்தைச் செருகியாக வேண்டும். பரப்பு வினையூக்கிகளில் இன்றும் பலர் கைவைப்பது 1996-இல் வந்த பி.பி.இ. என்ற தோராயத்தில்.

அதில் ஒரு மூலக்கூறு உலோகப் பரப்பில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று கணக்கிட்டால், 0.2 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) பிழை வந்தால் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. சின்ன எண்தானே என்று தோன்றும். ஆனால் வினைவேகம் ஆற்றலை அடுக்குக்குறியில் வைத்திருக்கிறது. அறை வெப்பநிலையில் கிளர்வு ஆற்றலில் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) சுமார் 0.06 எலக்ட்ரான் வோல்ட் மாறினாலே வேகம் பத்து மடங்கு மாறிவிடும். 0.2 தவறினால் இரண்டாயிரம் மடங்குக்கு மேல். 700 கெல்வினில் நிலைமை கொஞ்சம் தேவலை, அதே பிழை இருபத்தேழு மடங்கு அளவில் நிற்கும். அதனால்தான் இந்தத் துறையில் விவரம் தெரிந்தவர்கள் "இந்த வினையூக்கியின் வேகம் இவ்வளவு" என்று சொல்லத் தயங்குவார்கள். "இது அதைவிட மேல்" என்பார்கள். ஒப்பிடும்போது பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று அடித்துவிடும் என்ற நம்பிக்கை.

சில நேரம் அந்த நம்பிக்கையும் கைவிடும். குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடு அணுக்கள் நெருக்கமாக அடுக்கிய பிளாட்டினப் பரப்பில் அணுவின் நேர் உச்சியில் உட்காருகிறது என்பது சோதனையில் தெரிந்த விஷயம். வழக்கமான டி.எஃப்.டி. கணக்கு அதை மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார வைத்தது. 2001-இல் வெளிவந்த ஒரு கட்டுரை இதைப் புதிர் என்றே தலைப்பில் சொன்னது. பிறகு பல ஆண்டுகள் பலர் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மாணவர்கள் முதல் பயிற்சியாகப் போடும் கணக்கு அது என்பதுதான் வேடிக்கை.

சரி, இதற்கும் வேலைத் தேர்வுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய. ஒரு பிழை எத்தனை நாள் தெரியாமல் இருக்கலாம் என்பது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்பெனியில் அடுத்த மாதமே சோதனைக் குழுவினர் மாதிரியைத் தயாரித்துப் பார்த்துவிட்டு, "வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்பார்கள். பல்கலைக்கழகத்தில் உங்கள் கட்டுரையை யாராவது சோதித்துப் பார்க்கப் பத்து வருடம் ஆகலாம், பார்க்காமலேகூடப் போகலாம். இதைக் கேட்டால் சில பேராசிரியர்களுக்குக் கோபம் வரும். ஆனால் சோதனைக்காரர் பக்கத்தில் இல்லாமல் இருபது வருடம் கணக்குப் போடும் ஒரு குழு தன் தவறுகளோடு சௌகரியமாகக் குடித்தனம் நடத்த முடியும் என்பது உண்மை. நல்ல பேராசிரியர்கள் இதை அறிந்து தாங்களே தேடிப்போய்ச் சோதனைக்காரர்களோடு கூட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

பேராசிரியர் பணி

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில். இதற்கு ஈடு வேறெங்கும் இல்லை. யென்ஸ் நோர்ஸ்கொவின் பாதையைப் பாருங்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவரும் பியார்க் ஹாமரும் 1990-களின் நடுவில் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: தங்கம் ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கிறது, பிளாட்டினம் ஏன் அப்படி இல்லை? அதற்கான விடையாக வந்ததுதான் டி-பட்டை மாதிரி. உலோகத்தின் டி எலக்ட்ரான்கள் எனப்படும் ஒருவகை எலக்ட்ரான்களின் சராசரி ஆற்றல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மூலக்கூறு எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று பெருமளவு ஊகித்துவிடலாம். எந்தக் கம்பெனியும் காசு கொடுத்துக் கேட்கச் சொல்லும் கேள்வி அல்ல அது. பின்னாளில் கம்பெனிகளும் அந்த விடையைப் பயன்படுத்தின.

அந்த வழியில் வந்த ஒரு அழகான உதாரணம். எத்திலீன் ஓட்டத்தில் கலந்திருக்கும் கொஞ்சம் அசெட்டிலீனை நீக்க வேண்டும், ஆனால் எத்திலீனை ஈத்தேனாக்கிவிடக் கூடாது. பல்லேடியமும் வெள்ளியும் சேர்ந்த வினையூக்கி இதற்கு வழக்கத்தில் இருந்தது. 2008-இல் ஒரு குழு கணினியில் உலோகக் கலவைகளை வரிசையாக அலசி, விலை மலிவான நிக்கல்–துத்தநாகக் கலவை போதும் என்று கண்டது. அவர்களே அதைத் தயாரித்துச் சோதித்தும் காட்டினார்கள். கணக்கு போட்டவரும் கரண்டியால் பொடியைக் கிளறியவரும் ஒரே கட்டுரையில் பெயர் போட்டிருப்பது இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத காட்சி.

இனி விலையைப் பார்ப்போம். முனைவர் பட்டத்துக்கு நாலைந்து வருடம், போஸ்ட்டாக் இரண்டிலிருந்து நான்கு வருடம், பிறகு நிரந்தரமாவதற்கான சோதனைக் காலம் ஐந்தாறு வருடம் என்பது பல நாடுகளில் பொதுவான கணக்கு. அந்தக் காலத்தில் ஆய்வு நிதி விண்ணப்பம், பாடம், மாணவர் வழிகாட்டல், பிறர் கட்டுரைகளை மதிப்பிடுதல், பரிந்துரைக் கடிதம். நிதி விண்ணப்பம் என்பது ஒரு தனிக் கலை. இன்னும் செய்யாத வேலையை, ஏற்கெனவே பாதி செய்து முடித்த தொனியில் எழுத வேண்டும்.

கணினி ஆய்வாளருக்கு இதில் ஒரு சலுகையும் ஒரு தண்டனையும் உண்டு. சலுகை, தொடக்கம் வேகமாக இருக்கும். புகைப்போக்கி, வாயுக் குழாய், பாதுகாப்பு அனுமதி என்று ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். கணினி நேரம் கிடைத்த அன்றே முதல் மாணவர் வேலையைத் தொடங்கிவிடுவார். தண்டனை என்னவென்றால், "உங்களுக்குத்தான் வெறும் கணினி போதுமே" என்று துறையில் நிதி ஒதுக்குபவர்கள் நினைத்துவிடுவார்கள். வழக்கமான டி.எஃப்.டி. கணக்கில் அணுக்கள் இரண்டு மடங்கானால் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதை அவர்களுக்கு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கிய கிளஸ்டர் ஐந்து வருடத்தில் பழசாகிவிடும் என்பதையும்.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதில்லை. பேராசிரியரின் உண்மையான விளைபொருள் கட்டுரை அல்ல, மாணவர்கள். ஒரு குழுவில் முப்பது வருடத்தில் இருபது முப்பது பேர் பட்டம் வாங்கிப் போவார்கள். கணக்கை ஒருங்க வைக்க (விடை இனி மாறாத நிலைக்குக் கொண்டுவர) தெரியாமல் வந்து, மூன்று வருடத்தில் உங்களிடமே "சார், இந்த இடைநிலை தப்பு" என்று சொல்லுமளவுக்கு வளரும் ஒருவரைப் பார்ப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி வருமா, எரிச்சல் வருமா? இதற்கு உண்மையாகப் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

பேராசிரியராவது என்று முடிவெடுத்தால், எந்த வகை?

இங்கே ஒரு கிளைப் பாதை இருக்கிறது. பலர் அதை யோசிக்காமலே, தங்கள் வழிகாட்டியின் நிழலில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். திடப் பரப்புகளா, கரைசலில் இருக்கும் உலோக அணைவுச் சேர்மங்களா, நொதிகளா?

பரப்புக்காரர்களின் கருவிகள் இயற்பியலிலிருந்து வந்தவை: வியன்னாவில் பிறந்த வாஸ்ப், திறந்த மூல மென்பொருள்களான குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, ஜிபா. இவர்களுக்கு வேதியியல் துறையில் மட்டுமல்ல, வேதிப்பொறியியல், பொருளறிவியல் துறைகளிலும் இடம் கிடைக்கும். கதவு எண்ணிக்கையில் இவர்கள்தான் முன்னணி. அணைவுச் சேர்மக்காரர்கள் மூலக்கூறு வேதியியலின் வழியில் வந்தவர்கள். கெய்ஜி மொரோகுமாவின் குழு 1988-இல் ரோடியம் அணைவான வில்கின்சன் வினையூக்கியின் ஹைட்ரஜனேற்றச் சுழற்சி முழுவதையும் படிப்படியாகக் கணக்கிட்டது இவர்களுக்கு ஒரு மைல்கல். வெளியே போக நினைத்தால் மருந்துக் கம்பெனிகள் இவர்களை வரவேற்கும். நொதிக்காரர்களின் வழி தனி. 1976-இல் வார்ஷலும் லெவிட்டும் ஒரு நொதியின் நடுப்பகுதியைக் குவாண்டம் முறையிலும் மீதியை எளிய விசைகளாலும் கணக்கிட்டார்கள். 2013 நோபலில் அவர்களோடு கார்ப்ளஸும் சேர்ந்தார். மின்வினையூக்கம், அதாவது மின்முனைப் பரப்பில் நடக்கும் வினைகளை வேகப்படுத்துவது, இப்போது எல்லோரும் பாயும் குளம். 2004-இல் நோர்ஸ்கொவ் குழு, ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பீடாக வைத்து மின்னழுத்தத்தை ஒரு கூட்டல் கழித்தலில் சேர்க்கும் எளிய உத்தியைக் காட்டியதும் கூட்டம் கூடிவிட்டது. உத்தி எளிது என்பதாலேயே போட்டியும் அதிகம். புதிதாக நுழைபவர் தண்ணீர், அயனிகள், உண்மையான மின்முனைப் பரப்பு என்று அந்த உத்தி விட்டுவைத்த இடங்களில் ஏதாவது ஒன்றைக் கையில் எடுக்காவிட்டால் நூறு பேரில் நூற்றி ஒன்றாவது ஆளாகத்தான் நிற்பார்.

அடுத்து, முறைகளை உருவாக்குபவரா, பயன்படுத்துபவரா? முறை உருவாக்குபவரின் பெயர் நிலைக்கும், ஆனால் முதல் ஐந்து வருடம் கட்டுரை எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். சோதனைக் கால மதிப்பீட்டில் அது ஆபத்து. பயன்படுத்துபவர் வேகமாக ஓடுவார், ஆனால் கூட்டாளியான சோதனைக்காரரின் கட்டுரையில் நான்காவது வரைபடமாக மட்டும் மிஞ்சிப்போகும் அபாயம் உண்டு. என் கருத்து, ஒரு சின்ன முறையையாவது சொந்தமாக வைத்துக்கொண்டு, பயன்பாட்டைப் பெரிதாகச் செய்வது நல்லது. முழுக்க முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தவர்கள் சோதனைக் காலத்தைத் தாண்டத் தடுமாறுகிறார்கள்.

ஆய்வு நிறுவனம்

பெர்லினில் உள்ள ஃபிரிட்ஸ் ஹேபர் நிறுவனத்தைப் போன்ற இடங்களோ, அமெரிக்காவின் தேசிய ஆய்வகங்களோ வேறு வகை வாழ்க்கை தரும். 2007-இல் வேதியியல் நோபல் வாங்கிய கெர்ஹார்ட் எர்ட்ல், இரும்புப் பரப்பில் அம்மோனியா உருவாகும் ஒவ்வொரு படியையும் நிறுவியவர். அவர் நீண்ட காலம் இயக்குநராக இருந்தது அந்தப் பெர்லின் நிறுவனத்தில்தான். இளநிலைப் பட்ட வகுப்பு இல்லை. பெரிய கருவிகளும் பெரிய கணினிகளும் பக்கத்திலேயே. ஓக் ரிட்ஜில் உள்ள ஃபிரான்டியர் 2022-இல் உலக மீக்கணினிப் பட்டியலில் எக்ஸாஃபிளாப் (நொடிக்குப் பத்தின் பதினெட்டாம் அடுக்கு கணக்கீடுகள்) எல்லையைத் தாண்டிய முதல் கணினியானது.

கணக்கைத் தன் கையாலேயே போட விரும்புபவருக்கு இது நல்ல இடம். ஐம்பது வயதிலும் கோப்பைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு அளவுருவை மாற்றிக்கொண்டிருக்கும் விஞ்ஞானிகள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் கேள்வி பாதிதான் உங்களுடையது. இயக்குநர் மாறினால், அரசின் எரிசக்தி முன்னுரிமை மாறினால், உங்கள் கேள்வியும் மாறும். பல பணிகள் திட்ட நிதியில் ஓடுபவை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கலக்கும். நிரந்தர இடம் கிடைத்தால் சிறப்பு, கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போனால் அது நீண்ட போஸ்ட்டாக்.

கம்பெனி

இந்த வழியைப் பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவர்கள் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். வினையூக்கவியலே கம்பெனிக் கூடத்தில் பெரியதாக வளர்ந்த துறை. ஹேபர் 1909-இல் ஆய்வகத்தில் அம்மோனியாவைச் சொட்டவைத்தபோது பயன்படுத்தியது ஆஸ்மியம். உலகத்தில் கிடைக்கும் ஆஸ்மியத்தை எல்லாம் சேர்த்தாலும் அதை வைத்துத் தொழிற்சாலை நடத்த முடியாது. பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் வேதிக் கம்பெனியில் அல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த இரும்பில் வந்து நின்றது. 1913-இல் ஓப்பாவில் தொழிற்சாலை ஓடியது. இன்றைய அம்மோனியா வினையூக்கிகளும் அடிப்படையில் அந்தக் குடும்பம்தான். கணினியில் "பெரும் அலசல்" என்று நாம் பெருமையாகச் சொல்வதை அவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே கையால் செய்தார்கள்.

இன்று பெரிய கம்பெனிகளில் கணினிக் குழுக்கள் உண்டு. அதே பி.ஏ.எஸ்.எஃப். 2017-இல் லுட்விக்ஸ்ஹாஃபெனில் 1.75 பெட்டாஃபிளாப் வேகமுள்ள தன் சொந்த மீக்கணினியை நிறுவியது. டென்மார்க்கின் டாப்சோ, வினையூக்கியையே தொழிலாகக் கொண்டது. 1998-இல் வந்த தங்கம்–நிக்கல் நீராவி மறுசீராக்க (இயற்கை வாயுவை நீராவியோடு வினைபுரியவைத்து ஹைட்ரஜன் எடுக்கும்) வினையூக்கி ஆய்வில் பல்கலைக்கழகத்தாரும் அந்தக் கம்பெனியினரும் சேர்ந்து வேலை செய்தார்கள். நிக்கல் பரப்பில் கரி படிந்து வினையூக்கி செத்துப்போகும், கொஞ்சம் தங்கம் அதைத் தடுக்கும் என்பது அதன் சாரம்.

கம்பெனியில் நீங்கள் முதலில் கற்றுக்கொள்வது பணிவு. உங்கள் கணக்கில் இருப்பது பளபளப்பான, தூய்மையான, முடிவில்லாமல் நீளும் உலோகப் பரப்பு. உலையில் இருப்பது களிமண்ணோடு பிசைந்து குட்டி உருளையாக அழுத்தப்பட்ட குளிகை. அது நொறுங்கக் கூடாது, வாயு அழுத்தத்தைக் குறைத்துவிடக் கூடாது, கந்தகம் பட்டு விஷமாகக் கூடாது, மூன்று நான்கு வருடம் தாங்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு டி.எஃப்.டி.யிடம் பதில் கிடையாது. அதனால் கம்பெனிக் கணினிக்காரரின் வேலை பெரும்பாலும் "எதைச் செய்" என்று சொல்வதைவிட "எதைச் செய்யாதே" என்று சொல்வதாக இருக்கும். பத்து யோசனைகளில் ஆறை ஒரு வாரத்தில் தள்ளுபடி செய்துவிட்டால் சோதனைக் குழுவுக்கு ஆறு மாதம் மிச்சம். அந்த வேலைக்குப் பாராட்டு உண்டு, கட்டுரை இல்லை.

கட்டுரை இல்லாததுதான் பெரிய வலி. உங்கள் மிகச் சிறந்த கணக்கு ஒரு காப்புரிமையின் நடுப்பக்கத்தில் புதைந்துபோகும், அல்லது போட்டியாளருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகக் காப்புரிமையாகக்கூட வெளிவராது. மாநாட்டில் நண்பர்கள் "இப்போ என்ன பண்றே?" என்று கேட்டால் வானிலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். திட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அந்தப் பிரிவை விற்றுவிடவும் செய்வார்கள். ஆனால் மேலே சொன்ன மூன்றாவது கேள்வியில் கம்பெனியை யாரும் வெல்ல முடியாது. நீங்கள் தப்பா சரியா என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். சிலருக்கு அது பயம், சிலருக்கு அதுதான் தூக்கத்தைத் தருவது.

மென்பொருளும் மெஷின் லேர்னிங்கும்

மென்பொருள் கம்பெனிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷ்ரோடிங்கர் கம்பெனியை 1990-இல் தொடங்கியவர்கள் ரிச்சர்ட் ஃபிரீஸ்னர், வில்லியம் காடார்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள். முறை உருவாக்கும் மனம் உள்ளவருக்கு இங்கே இடம் உண்டு. நீங்கள் எழுதிய வரிகளை முகம் தெரியாத எத்தனையோ பேர் பயன்படுத்துவார்கள். விலை, வினையூக்கி மெல்ல மெல்லத் தூரமாகும், வாடிக்கையாளரின் புகார் பக்கத்தில் வரும்.

மெஷின் லேர்னிங் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அது மற்ற மூன்று வழிகளையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. 2020-இல் அன்றைய ஃபேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து திறந்த வினையூக்கித் திட்டத்தை அறிவித்தன. அதன் முதல் தரவுத்தொகுப்பில் சுமார் 12.8 லட்சம் பரப்பொட்டு அமைப்புகள் (பரப்பின் மேல் ஒட்டிய மூலக்கூறுகள்) தளர்த்தப்பட்டிருந்தன, அதாவது அணுக்கள் ஆற்றல் குறைந்த நிலைக்கு நகர்த்தப்பட்டிருந்தன. தனிப்பட்ட ஆற்றல் கணக்குகளாக எண்ணினால் ஏறத்தாழ 26 கோடி. ஒரு ஆய்வு மாணவர் தன் முனைவர் பட்டக் காலம் முழுக்கப் போடும் கணக்குகள் இதற்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி மணல். தரவை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள் என்பது நல்ல விஷயம்.

இதன் விளைவு என்ன? "பத்து உலோகங்கள், ஐந்து மூலக்கூறுகள், ஐம்பது ஒட்டும் ஆற்றல்கள்" என்று எழுதி ஒரு கட்டுரை போடும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அந்த ஐம்பது எண்களையும் கற்றுக்கொடுக்கப்பட்ட மாதிரி ஒன்று சில நிமிடங்களில் தந்துவிடும், டி.எஃப்.டி.யின் பிழையையும் சேர்த்துத்தான். மாதிரி எதைப் பார்த்துக் கற்றதோ அதைவிட உண்மையாக இருக்க முடியாது. வினை நடக்கும்போது பரப்பு எப்படி உருமாறுகிறது, எந்த இடம் உண்மையில் வேலை செய்கிறது, சோதனையில் வந்த எண்ணும் கணக்கில் வந்த எண்ணும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கேட்க இன்னும் பேராசிரியர் தேவை. ஐம்பது எண்களைப் போட்டுக்கொண்டிருக்க அவர் தேவையில்லை.

பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளின் ஆய்வுப் பிரிவில் இந்த வேலைக்குப் போவதில் ஒரு எச்சரிக்கை. வினையூக்கி அவர்களுடைய தொழில் அல்ல. இன்று அதில் ஆர்வம் இருக்கும், மேலிடத்து முன்னுரிமை மாறினால் நாளை வேறு. டாப்சோவில் யாரும் வினையூக்கியை விட்டுவிடப் போவதில்லை.

போனால் திரும்பலாமா?

முடிவெடுப்பதில் இது முக்கியம். பொதுவாகச் சொல்லப்படுவது, பல்கலைக்கழகத்தை விட்டுப் போனால் திரும்ப முடியாது என்பது. அவ்வளவு கறாராக இல்லை. ருட்கர் வான் சான்டென் 1972-இலிருந்து பதினாறு ஆண்டுகள் ஷெல் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு 1988-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், பின்னர் அதன் ரெக்டராகவும் இருந்தார். கோட்பாட்டு வினையூக்கவியலில் அவர் பெயரைத் தெரியாதவர் குறைவு. நோர்ஸ்கொவும் பல்கலைக்கழகத்துக்கு வருமுன் டாப்சோவில் வேலை பார்த்தவர். 2010-இல் ஸ்டான்ஃபோர்டுக்கும் அதையொட்டிய தேசிய ஆய்வகத்துக்கும் போனார், 2018-இல் டென்மார்க்குக்கே திரும்பினார்.

ஆனால் இவர்கள் கம்பெனியில் இருந்தபோதும் கட்டுரை எழுதியவர்கள். அது அந்தக் காலத்துக் கம்பெனி ஆய்வுக்கூடங்களின் தாராளம். இன்று திரும்பும் வாசலைத் திறந்து வைத்துக்கொள்ள நினைத்தால், வேலைக்குச் சேருமுன்பே கட்டுரை வெளியிட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்த்திசைப் பயணம், அதாவது பேராசிரியர் பதவியிலிருந்து கம்பெனிக்கு, எப்போதும் எளிது. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. பாதியில் நிற்கும் ஆய்வு மாணவர்களை என்ன செய்வது?

என்னிடம் யாராவது நேரடியாகக் கேட்டால் இப்படித்தான் பிரித்துச் சொல்வேன். கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகக் கணக்கைப் பிறர் கையில் கொடுக்கச் சம்மதம் என்றால், பேராசிரியர். கணக்குதான் உயிர், கேள்வி யாருடையதானாலும் பரவாயில்லை என்றால், ஆய்வு நிறுவனம். பொடி, குளிகை, உலை என்று போய்ச்சேருகிற வேலை வேண்டும், பெயர் வெளியே தெரியாவிட்டாலும் சரி என்றால், கம்பெனி. கருவிதான் பிடிக்கும், வினையூக்கி ஒரு சாக்கு என்றால், மென்பொருள். கடைசி வகையினர் பலர் தாங்கள் அந்த வகை என்று தெரியாமலே பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. உங்கள் வழிகாட்டியிடம் போய், போன மாதத்து நாட்காட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நிறையப் பேர் தயங்காமல் காட்டுவார்கள். எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்ன செய்தார் என்று அவரோடு உட்கார்ந்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அதே கேள்வியைக் கம்பெனியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடமும், ஆய்வு நிறுவனத்தில் இருப்பவர் ஒருவரிடமும் கேளுங்கள். மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி வைத்து, அடுத்த திங்கட்கிழமை எந்தத் தாளில் இருப்பது போல இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.